பைலட் வீட்டு ஃபிட்டர்

22 ஜூன் 2025, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மலையே தெரியவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், பால்காரர் சொன்னார். முழங்கால் வலிக்கிறது, ஆனால் புகார் சொல்லும்படி இல்லை. எழுபத்தாறு வயதுக்கு இந்த முழங்கால் போதும்.

கூரியர்க்காரன் ஒருவன் இசக்கிதுரை வீடு எது என்று இலத்தூர் முழுக்கக் கேட்டு அலைந்திருக்கிறான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெட்டிக்கடையில் "ஏர்ஃபோர்ஸ்காரரு" என்று சொன்னதும், "பைலட் வீடுன்னு கேட்டிருக்கலாம்லா" என்று கைகாட்டி விட்டிருக்கிறார்கள். என் மனைவி சங்கரேஸ்வரிக்கு ஒரே சிரிப்பு. "ரேஷன் கார்டுலயும் மாத்திருவமா?" என்கிறாள். இந்த ஊரில் உண்மை தெரிந்த ஒரே ஆள் இவள்.

24 ஜூன், செவ்வாய்

என் கூட்டாளி துல்கர்னைன் காலை ஏழு மணிக்கே தென்காசியிலிருந்து மொபெட்டில் வந்துவிட்டான். கண் சிவந்திருந்தது. மகன் உசாமா தோஹாவில் வேலை பார்க்கிறான். நேற்று அங்கே வானத்தில் ஏவுகணைச் சத்தம், ஜன்னலெல்லாம் அதிர்ந்ததாம். உசாமா போன் போட்டு அழுதிருக்கிறான்.

துல்கர்னைன் என்ன செய்தான் தெரியுமா? தொண்ணூறாம் வருஷம் நான் அவனுக்கு எழுதிய கடிதத்தை லேமினேஷன் பண்ணி ஜவுளிக்கடையில் மாட்டி வைத்திருக்கிறானே, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். அப்போது அவன் தம்மாமில் இருந்தான். குவைத் சண்டை ஆரம்பமாகப் போகிற நேரம். "தலைக்கு மேலே பிளேன் போய்க்கொண்டே இருக்கிறது, சோறு இறங்கவில்லை, ஊருக்கு ஓடி வந்துவிடட்டுமா" என்று எழுதியிருந்தான். நான் பதில் போட்டேன். சத்தம் கேட்டுவிட்டது என்றால் விமானம் உன்னைத் தாண்டிப் போயாகிவிட்டது என்று அர்த்தம், பயப்படாதே. குப்புறப் படுத்துக்கொள், காதைப் பொத்து, வாயைத் திறந்து வை. இப்படி ஒரு பக்கம். அவன் ஓடி வரவில்லை. அங்கேயே பதினோரு வருஷம் இருந்து சம்பாதித்துத்தான் கடை போட்டான்.

"உசாமா அதப் படிச்சிட்டுத்தாம்லே சாப்பிட உக்காந்தான். பைலட்டு எழுதுனதுல்லா? வேற எவன் சொன்னாலும் கேப்பானா அவன்?"

நான் காப்பியை ஊதிக்கொண்டிருந்தேன்.

3 ஜூலை, வியாழன்

தபால்கார வேல்விழி ஒரு கவரைக் கொண்டுவந்தாள். புனலூர் முத்திரை. மேலே ஆங்கிலத்தில், "கார்ப்பொரல் இசக்கிதுரை, ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் (ஓய்வு)".

"சார், பைலட் வீட்டுக்கு ஃபிட்டர்னு வந்திருக்கு. தப்பா எழுதிட்டாவ போல."

"ஆமாம்மா, தப்பா எழுதிட்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சங்கரேஸ்வரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடிதம், விமானப்படையில் என்னோடு இருந்த மாத்தன் சாரின் மகள் எழுதியது. ஷீலா என்று பெயர். மாத்தன் சார் போன டிசம்பரில் இறந்துவிட்டாராம். எண்பது வயது. நோய்நொடி இல்லை, தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தபடி போயிருக்கிறார். "மலைக்கு அந்தப் பக்கம் துரை இருக்கிறான், ஒரு தடவை போய்ப் பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வரலாமா என்று கேட்டிருக்கிறாள்.

மாத்தன் சார் போய்விட்டார். நான் அவருக்குப் பொங்கல் வாழ்த்துப் போடுவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் இருக்கும். சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. இன்றைக்கு அது வலிக்கிறது.

4 ஜூலை, வெள்ளி

எழுதிவிடுகிறேன். டைரியிலாவது எழுதாவிட்டால் எப்படி.

நான் பைலட் இல்லை. விமானப்படையில் பதினைந்து வருஷம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். விமானத்தின் உடம்பு, சக்கரம், பிரேக், இறக்கை எல்லாம் என் பொறுப்பு. எழுபத்தொன்றாம் வருஷப் போரில் மேற்கு எல்லையோரத் தளம் ஒன்றில் இருந்தேன். எனக்கு ஒப்படைத்திருந்தது ஒரு நேட். சின்ன சண்டை விமானம், ஒரே ஆள் உட்காரலாம். அதை ஓட்டியவர் ஃப்ளையிங் ஆபீசர் மாத்தன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. விமானத்தை முழுக்கப் பார்த்து, ஃபார்ம் 700 என்கிற புத்தகத்தில் முதலில் நான் கையெழுத்துப் போடுவேன். அப்புறம் பைலட் போட வேண்டும். அவர் போட்டால்தான் விமானம் அவர் கைக்குப் போகும். திரும்பி வந்து இறங்கியதும் குறை ஏதாவது இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடமே விட்டுவிட வேண்டும். குறை இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். அதனால் விமானம் ஃபிட்டருடையது, பைலட் இரவல் வாங்கிப் போகிறவன் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மாத்தன் சாரை நான்தான் பெல்ட் போட்டு இறுக்குவேன். இருக்கையின் பாதுகாப்புப் பின்களை உருவி, அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவேன். அவர் தலையாட்டுவார். நான் ஏணியை எடுப்பேன். அதற்கப்புறம் என் வேலை காத்திருப்பதுதான்.

காத்திருக்கும்போது தளத்தில் குண்டு விழும். பதுங்குகுழிக்குள் குப்புறக் கிடப்போம்.

சண்டை நின்ற மறுநாள் மாத்தன் சார் என்னை நேட்டுக்குள் உட்காரவைத்துத் தன் கேமராவில் ஒரு படம் எடுத்தார். ஒரு பிரதியை எனக்கும் கொடுத்தார். எல்லா ஃபிட்டர்களும் அப்படி ஒரு படம் வைத்திருப்பார்கள். லீவில் வந்தபோது எங்கய்யா சுடலையாண்டி அந்தப் படத்தை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காட்டி, "எம் மவன்தான் ஓட்டுனான்" என்று சொல்லிவிட்டார். "யய்யா, நான் ஃபிட்டரு" என்றேன். "சும்ம கெடலே, இவனுவளுக்கு என்ன தெரியும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது.

ஆலங்குளத்தில் பெண் கொடுத்ததும் பைலட்டுக்குத்தான். கல்யாணமாகி மூன்றாம் நாள் சங்கரேஸ்வரியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். தலையணையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கய்யாட்ட மட்டும் சொல்லிராதிய" என்றாள். அவரும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

நானாக யாரிடமும் "நான் பைலட்" என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. தம்மாமுக்கு எழுதிய கடிதத்தின் அடியில் "இப்படிக்கு, உன் பைலட்டு" என்று என் கையாலேயே எழுதினேன். அப்போதுதான் நம்புவான் என்று நினைத்தேன்.

11 ஜூலை, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து துல்கர்னைன் நேரே இங்கே வந்தான். வாயெல்லாம் பல். அவன் நிர்வாகக் குழுவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற என்னைக் கேட்டிருக்கிறார்களாம். கேட்டிருக்கிறார்கள் என்ன, இவன்தான் மேசையைத் தட்டிப் பேசி வாங்கியிருப்பான்.

"எங்க ஆளு சண்டையில பிளேன் ஓட்டுனவன், அவனை விட்டுட்டு எவனத் தேடுதிய அப்டின்னேன். எல்லாரும் கப்சிப். ஏலே, அந்தப் போட்டோவக் கழட்டிக் குடு, ஃப்ளெக்ஸ் போடணும்."

"வேண்டாம்லே" என்றேன்.

"சவத்த விடு, ஒனக்கு எப்பவும் இந்தக் கூச்சந்தான்" என்று அவனே நாற்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் கிடக்கிறது.

12 ஜூலை, சனி

அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கரேஸ்வரி அதில் காலண்டரை மாட்டிவிட்டாள்.

20 ஜூலை, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் துல்கர்னைனைப் பழைய குற்றாலத்துக்குக் கூப்பிட்டுப் போனேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லலாம் என்று பார்த்தால், தேய்த்துவிட்டவர் கழுத்தைத் திருகிய திருகில் எனக்குப் பேச்சே வரவில்லை. அருவிக்குக் கீழே போய் நின்றோம். கூட்டமான கூட்டம். தண்ணீர் மண்டையில் அடிக்கிறது. முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. அவன் காதுப் பக்கம் திரும்பிக் கத்தினேன். "நான் பைலட்டு இல்லலே! ஃபிட்டரு!"

ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் வாயைத் திறந்து சொல்லியாகிவிட்டது. அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சொர்க்கத்தில் நிற்கிறான். ஒன்றும் கேட்கவில்லை அவனுக்கு. வெளியே வந்து துவட்டும்போது, "என்னமோ கத்துன மாதிரி இருந்துச்சே" என்றான்.

"தண்ணி நல்லா விழுதுன்னேன்."

கோட்டிக்காரன் நான்தான்.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. அருவிக்கரையில் தர்ப்பணம் செய்து வந்தேன். அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது கொஞ்சம் கோபமும் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. டீக்கடையில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது கண் முன்னால் நிற்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. சொல்லாமல் இருந்தது நான்.

2 ஆகஸ்ட், சனி

ஷீலா போன் பண்ணினாள். பாதி மலையாளம், பாதி தமிழ். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு, அன்றைக்கே காரில் செங்கோட்டை வழியாக வந்துவிடுகிறாளாம். "அங்கிள், அப்பச்சன் எப்பவும் பறயும், துரை கை வச்ச விமானம்னா கண்ண மூடிட்டு ஏறலாம்னு."

வரச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பதினைந்தாம் தேதி. மேடை. ஃப்ளெக்ஸ். நிஜப் பைலட்டின் மகள் முன்வரிசையில்.

சங்கரேஸ்வரி சொன்னாள்: "ஊரு என்னமும் நெனச்சிட்டுப் போவுது. துல்கர்னைன் அண்ணன் மேடையில நின்னு மூஞ்சி செத்துப்போயி நிக்கக்கூடாது. அதுக்கு முன்னாடி நீங்களே போயி சொல்லிருங்க."

அவள் சொல்வது சரி. கொடியேற்றாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவன்? "என் கூட்டாளி பைலட்டு" என்று தம்மாம் முழுக்கச் சொன்னவன். அவனைப் பொய்யனாக்கிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

7 ஆகஸ்ட், வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். அவன் லுங்கிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கடிதம் அவன் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. மேலே பார்க்காமல் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். அய்யா, டீக்கடை, போட்டோ, கையெழுத்து, ஷீலா.

அவன் ஒரு லுங்கியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"அப்பம் ஓட்டவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்லலே."

லுங்கியை அலமாரியில் வைத்தான். பிறகு, "சரி, நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி! ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை அண்ணாச்சி என்கிறான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் டிக்கெட் கேட்டது காதில் விழவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்ஆ முடிந்து வருவான் என்று பார்த்தேன். வரவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

போன் எடுக்கவில்லை. அவன் மனைவி ஆசியாதான் எடுத்தாள். "அவுக கடைக்குப் போயிட்டாகண்ணே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவன் கடை திறப்பதே இல்லை.

சங்கரேஸ்வரி சுக்குக் காப்பி போட்டுத் தந்தாள். "சொன்னது நல்லதுதான். வருவாரு" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

13 ஆகஸ்ட், புதன்

வந்தான். வீட்டுக்குள் வரவில்லை, மொபெட்டில் உட்கார்ந்தபடியே வாசலில் நின்றான்.

"ஃபிட்டருன்னா என்ன வேலை? ஒழுங்காச் சொல்லு."

சொன்னேன். சக்கரம், பிரேக், பின், ஏணி, ஃபார்ம் 700.

"குண்டு போட்டாம்ன்னியே, அப்பம் நீ எங்கன இருந்த?"

"குழிக்குள்ள."

"எப்டிக் கெடப்பிய?"

"குப்புற. காதப் பொத்திக்கிட்டு, வாயத் தொறந்து வச்சிக்கிட்டு. வாய மூடியிருந்தா அதிர்ச்சியில காது சவ்வு கிழிஞ்சிரும்."

அப்புறம் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். விழா இருக்கிறதா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணாச்சி என்று சொல்லவில்லை. "நீ" என்றுதான் பேசினான். அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஒரே சந்தோஷம். முறையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழு மணிக்கெல்லாம் ஷீலா வந்துவிட்டாள். அச்சு அசலாக மாத்தன் சாரின் மூக்கு. எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். ஃப்ளெக்ஸில் நான் பத்தடி உயரத்துக்கு நேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். "1971 போர் விமானி" என்று அடித்திருந்ததில் "விமானி" மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, "விமான ஃபிட்டர்" என்று மார்க்கரில் எழுதியிருந்தது. துல்கர்னைன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சாரலில் தாள் நனைந்து ஒரு மூலை அப்போதே தொங்கிக்கொண்டிருந்தது.

கொடியேற்றினேன். துல்கர்னைன் மைக்கைப் பிடித்தான். கையில் அந்த லேமினேஷன் கடிதம்.

"இவன் பைலட்டுன்னு அம்பது வருசமா ஒங்க எல்லார்ட்டயும் சொன்னவன் நான். இவன் பைலட்டு இல்லயாம், ஃபிட்டராம். எட்டு நாளைக்கு முன்னாலதான் எனக்கே தெரியும். எனக்குக் கோவம். அம்புட்டுக் கோவம். கடையில உக்காந்து இந்தக் கடுதாசியக் கிழிச்சிருவோம்னு கழட்டுனேன். கழட்டுனவன் மறுபடியும் படிச்சேன்."

படித்தான். ஒரு வரி விடாமல். சத்தம் கேட்டால் தாண்டிப் போயாச்சு. குப்புறப் படு. காதைப் பொத்து. வாயைத் திற.

"மேல பறக்கவனுக்கு இதெல்லாம் எப்டித் தெரியும்? அவனுக்கு என்னத்துக்கு வாயத் தொறக்கணும்? இத எழுதுனவன் கீழ, குழிக்குள்ள கெடந்தவன். நானும் தம்மாம்ல கீழதான கெடந்தேன். எம் மவனும் தோஹாவுல கீழதான இருந்தான். பைலட்டு எழுதிருந்தான்னா எங்களுக்கு ஒண்ணும் ஒதவிருக்காது. கடைசியில, 'இப்படிக்கு உன் பைலட்டு'ன்னு எழுதிருக்கான். அது ஒண்ணுதான் பொய். மத்த அம்புட்டும் நெசம். அதுக்குத்தான் இவனக் கொடியேத்தக் கூப்புட்டேன்."

என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மாத்தன் சார் பெயரை மட்டும் சொன்னேன். அவர் எத்தனை தடவை போனாரோ அத்தனை தடவையும் திரும்பி வந்தார், ஒவ்வொரு தடவையும் அவர் சக்கரம் தரையைத் தொடும்வரை நான் மூச்சு விட்டதில்லை, அவ்வளவுதான் என் போர் என்றேன். ஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஃப்ளெக்ஸிலிருந்த தாள் சொதசொதவென்று கழன்று விழுந்து, "விமானி" மறுபடி வெளியே வந்தது. மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. எல்லாரையும்விட துல்கர்னைன் சத்தமாகச் சிரித்தான்.

மத்தியானம் வீட்டில் சாப்பாடு. துல்கர்னைனும் ஆசியாவும் வந்தார்கள். சாப்பிட்ட பிறகு ஷீலா தன் அப்பாவின் ஆல்பத்தை எடுத்தாள். அதே படம், நான் நேட்டுக்குள். அதை உருவித் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் மாத்தன் சாரின் சாய்ந்த கையெழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தது: "துரை, தன் விமானத்தில். இரவல் வாங்குகிறவன் நான்."

அந்த வரியை ஐம்பத்து மூன்று வருஷம் நான் பார்த்ததே இல்லை. அவர் தன் பிரதியில் மட்டும்தான் எழுதியிருக்கிறார், என் பிரதியின் பின்னால் எதுவும் இல்லை. படத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

16 ஆகஸ்ட், சனி

ஷீலாவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். ரம்புத்தான், மங்குஸ்தான், சிப்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தோம். சங்கரேஸ்வரி எல்லாவற்றையும் பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். முழங்காலும் இன்று வாயைத் திறக்கவில்லை.

19 ஆகஸ்ட், செவ்வாய்

வேல்விழி பென்ஷன் கடிதம் கொண்டுவந்தாள். "சார், அன்னைக்கு நீங்கதான தப்பா எழுதிட்டாங்கன்னிய?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல பைலட் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஊர் மாறாது போலிருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

துல்கர்னைன் கழற்றிப் போன படமும் திரும்பி வந்துவிட்டது, இரண்டும் இப்போது சுவரில் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் முன்பக்கம் தெரிகிறது, மற்றதில் பின்பக்கத்து எழுத்து. காலண்டர் அடுப்படிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் துல்கர்னைன் வந்தான். இரண்டு வாரமாக ஒரு புதுப் பழக்கம் பிடித்திருக்கிறான். புறப்படும்போது மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறான்.

"பாத்துச் சொல்லுலே. நீ பாத்தாத்தான் ஏறுவேன்."

முன் டயரை அழுத்திப் பார்த்தேன். பின் பிரேக் கம்பியைக் கொஞ்சம் முறுக்கினேன். முழங்கால் முனகியது. விளக்கு, ஹாரன் எல்லாம் சரி. இந்த டைரியைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தில் நான் ஒரு கையெழுத்துப் போட்டேன். அவனும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே போட்டான். "இப்பம் யாருலே பைலட்டு?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். நான் கட்டைவிரலைக் காட்டினேன். தெருமுனை திரும்பும்வரை சங்கரேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தூற்றல் விழுந்தது, உள்ளே போகவில்லை. போன் அடித்தது. "எறங்கிட்டேம்லே" என்றான்.

புறப்பட்ட நேரம் 5.20. இறங்கிய நேரம் 5.47. குறை ஏதும் இல்லை.